பலூன் வெடிக்காத கத்தி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாமான் வாங்க அதிக நாள் எடுத்துக்கொள்ளும் ஆள் யார் என்று போட்டி வைத்தால் முதல் பரிசு பழனியப்பனுக்குத்தான். அந்தப் பரிசையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "இதவிட நல்லது இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். சோறு ஆக்கும் மின்சாரப் பானை வாங்க பிரிஞ்சாங் டவுனுக்கு நாலு முறை போனவர். கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அந்த வருஷத் திருவிழா வாய்ச்சத்தத்தோடே முடிந்தது.

தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்திலேயே அவர் ஆயுசில் பாதி கழிந்துவிட்டது. அங்கே அவசரப்பட்டால் இலை கருகிவிடும், அதனால் வந்த நிதானம் இது என்பார். பிடிவாதம் என்பார் அவர் மனைவி சாரதா. நான் அடுத்த வீடு. தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பெயர் ராதாகிருஷ்ணன் என்றாலும் ஊருக்கு நான் கிராணி. இந்த விஷயத்தில் நான் சாரதா கட்சி.

இப்பேர்ப்பட்ட மனிதர் சவரக்கத்தி வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அவர் மச்சான் கோகிலன். சாரதாவின் தம்பி. ரிங்லெட் டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். பழனியப்பன் அங்கே போய் உட்கார்ந்து, சூடான துண்டு முகத்தில் விழுந்ததும் தூங்கிவிடுவார். ஒருநாள் அப்படித் தூங்கும்போது கோகிலன் கேட்டிருக்கிறான், "அத்தான், மீசைய லேசா கொறைக்கட்டுமா?" தலை முன்னால் ஆடியது. கோகிலன் ஒரு பக்கம் குறைத்தான். அதற்குச் சமமாக மறுபக்கம் குறைத்தான். மறுபடி இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. பழனியப்பன் கண் விழித்தபோது கண்ணாடியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரக் கேட்டுடா வெட்டுன?"

"உங்களத்தான் கேட்டேன். தலைய ஆட்டுனீங்களே."

"அது தூக்கம்டா!"

"தூக்கத்துக்கும் சரிங்கிறதுக்கும் ஒரே மாதிரி ஆட்டுனா நான் என்னா செய்றது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மீசை போனதைக்கூட அவர் மன்னித்திருப்பார், அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை. "இனி இந்தக் கடப்படிய மிதிச்சா எம்பேரு பழனியப்பன் இல்ல" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கட்டிய துணியோடேயே பஸ் ஏறி வந்துவிட்டார். அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.

மீசையோடு தாடியும் வளர்ந்துவிட்டது. கோபமும் கூடவே வளர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மகள் ரூபினிக்கு ஈப்போவில் மாப்பிள்ளை அமைந்து பரிசம் போடும் நாள் குறித்தார்கள். தாய்மாமன் முன்னால் நின்று சேலைத் தட்டைக் கொடுக்காமல் எங்கள் பக்கம் எந்தப் பெண்ணுக்கும் பரிசம் நடந்ததில்லை. சாரதா தம்பிக்குப் போன் போட்டார்.

"நீ கூப்புட்டா பத்தாதுக்கா. அத்தான் கடைக்கு வந்து ஒரு வார்த்த கூப்புடட்டும். மறு நிமிஷம் நிக்கிறேன்" என்றான் அவன்.

"கடப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார் இவர்.

ரூபினி சத்தம் போடுகிற பெண் இல்லை. "மாமா தட்ட எடுத்துக் குடுக்கலன்னா நான் அந்தச் சேலயக் கட்ட மாட்டேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாரதா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கே அந்த அத்தானையும் மச்சானையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி அணைக்கட்டில் தள்ளலாம் போலிருந்தது.

பழனியப்பனுக்கோ வேறு கவலை. பரிசத்தன்று முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். வேறு கடைக்குப் போனால், மச்சான் கடை இருக்க இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் ரேசர் அவருக்கு ஆகாது, பொடிப்பசங்க சாமான் என்பார். கோகிலன் கையில் இருப்பது போலவே மடக்குகிற கத்தி, பிளேடு மாற்றுகிற கத்தி வேண்டும். "அவன் புடிக்கிற கத்திய நான் புடிச்சா ஆகாதா கிராணி?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பிரிஞ்சாங் போனார்.

சலூன் சாமான் விற்கிற கடையில் மூன்று கத்திகளைக் கண்ணாடி மேல் பரப்பினார்கள். முதலாவது தகடு போல லேசு. பிளேடு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பிளேடைப் பக்கவாட்டில் செருக வேண்டும், அதன் பிடி வழுக்கியது. மூன்றாவது கனமான இரும்பு. அதில் பிளேடின் விளிம்பு மட்டும் நூல் அளவுக்கு எட்டிப் பார்த்தது.

பழனியப்பன் மூன்றையும் மடக்கினார், விரித்தார், காதருகே வைத்துத் தட்டினார். காதில் என்ன கேட்டதோ, முதலாவதை எடுத்தார். "கத்தின்னா வெளிய தெரியணும். இந்த மூணாவது என்னமோ வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள ஒளிஞ்சிக்கிது."

வழக்கம்போல அன்றைக்கு முடிவு எடுக்கவில்லை. மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் மறுபடி போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். மூன்றாம் முறை கடைக்காரம்மா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டார். அப்போதுதான் சாரதாவிடமிருந்து போன் வந்தது.

"மொதக் கத்தியவே வாங்கிட்டு வாங்க. அந்த மூணாவது நமக்கு வேணாம். பாத்தாலே கனமா இருக்கு. உங்க கைக்கு நிக்காது."

அது போதுமே. "என் கைக்கா நிக்காது?" என்று அங்கேயே மூன்றாவதை வாங்கினார். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய அம்மாளுக்கு இவரை எப்படித் திருப்புவது என்று தெரிந்திருந்தது. ஆனால் கத்தியைப் பற்றி அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பிறகு பயிற்சி. பலூன் ஒன்றை ஊதி, சோப்பு நுரை தடவி, வாசலில் உட்கார்ந்து மழிக்க ஆரம்பித்தார். லைன் வீட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பலூன் வெடிக்கவில்லை. மறுநாளும் வெடிக்கவில்லை. "பாத்தீங்களா கைய!" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினார். மணியம்மா என்கிற பாட்டி, "நல்லாத்தான் செரைக்கிற. பலூனுக்குப் பொண்ணு பாத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முகத்தில் மட்டும் கத்தியை வைக்கவில்லை. முதல் சவரம் பரிசத்தன்று காலைதானாம். கோகிலன் இல்லாமலும் காரியம் நடக்கும் என்று ஊர் பார்க்க வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெந்நீர், நுரை, கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கன்னம் வெண்ணெய் போல வந்தது. இடது கன்னத்துக்குப் போனார். வலது கையைக் குறுக்கே கொண்டுபோனால் முழங்கை கண்ணாடியை மறைத்தது. கத்தியை இடது கைக்கு மாற்றினால் அது காது பக்கம் போனது. பலூனைத் திருப்பித் திருப்பி மழிக்கலாம். முகத்தை எங்கே கொண்டுபோய்த் திருப்புவது?

"என் ரேசர் இருக்குப்பா, குடுக்கட்டா?" என்று ரூபினி ரோஜா நிறத்தில் ஒன்றை நீட்டினாள். அவர் பார்த்த பார்வையில் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். சாரதா தன் பாட்டுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு வேன் மலையேறி கோலா தெர்லாவைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது.

அடுத்த நிமிஷம் அவர் என் வாசலில் நின்றார். பட்டு வேட்டி, தலையில் கம்பளிக் குல்லா, கண்ணுக்குக் கீழே மஃப்ளர்.

"கிராணி, காடிய எடுங்க."

"எங்கண்ணே?"

"ரிங்லெட்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வேன் வருகிற வழியில் பிரிஞ்சாங்கின் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் எப்படியும் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்ற தைரியத்தில் காரை எடுத்தேன். வழியெல்லாம் அவர் கத்தியை மடக்குவதும் விரிப்பதுமாக வந்தார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடை வாசலில் நின்றுவிட்டார். அந்தப் படியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எம்பேர மாத்திக்கிட்டேன்னு வெச்சுக்குங்க கிராணி" என்று சொல்லிவிட்டுக் காலை வைத்தார்.

கடையில் வேறு ஆள் இல்லை. கோகிலன் கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீள அங்கி போட்டுக்கொண்டு நின்றான். குளிருக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இருவரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

"அவர உக்காரச் சொல்லுங்க கிராணி."

"அவன் கத்தி எம்மேல படக்கூடாதுன்னு சொல்லுங்க. எங்கிட்ட சொந்தக் கத்தி இருக்கு."

மஃப்ளர் இறங்கியது. ஒரு பக்கம் பெண்ணைப் பெற்ற அப்பா போல, மறுபக்கம் ஊரை விட்டு ஓடியவர் போல இருந்தார். கோகிலன் சிரிக்கவில்லை. கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தான். அவன் முகம் அப்படியே இளகியது.

"அப்பாடா, அக்கா இதையே வாங்க வெச்சிருச்சா."

"என்னடா சொல்ற?" பழனியப்பன் என்னை மறந்து நேராகவே கேட்டுவிட்டார்.

"அக்கா எனக்குப் படம் அனுப்புச்சு. நீங்க அந்த மொதக் கத்திய வாங்கிருந்தா இன்னிக்குக் காதோட வந்திருக்க மாட்டீங்கத்தான். மூணாவதுதான் பிளேட உள்ள அடக்கி வெக்கும், அதையே வாங்க வெச்சிருன்னு சொன்னேன். தெரியாத கை பட்டாலும் ஆழமா எறங்காது. பலூன்கூட வெடிக்காது."

பழனியப்பன் அத்தனை நாள் காட்டிய கை வித்தை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. ஆனால் அவருக்கு வந்தது கோபம் இல்லை. பேச்சே இல்லாத சண்டையிலும் தன் கழுத்தைப் பற்றி ஒருவன் கவலைப்பட்டிருக்கிறான் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோகிலன் புது பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைச் செருகி, இடது கன்னத்தை முடித்தான். கத்தி தொண்டைக்கு வந்தபோது கையை நிறுத்தினான்.

"அத்தான், பரிசத்துக்கு நான் வரணுமா?"

அவர் தலை அசையப் போனது.

"ஆட்டாதீங்க! ஒரு தடவ அத நம்பித்தான் கெட்டேன். வாயத் தொறந்து சொல்லுங்க."

"முழிச்சிக்கிட்டுத்தாண்டா இருக்கேன்" என்றார் பழனியப்பன், தாடை அசையாமல். "நீ இல்லாம எம்மகளுக்கு யாருடா தட்டு எடுத்துக் குடுப்பா? வா மச்சான்."

கோகிலன் மிச்சத்தை வழித்துத் துடைத்துவிட்டு அங்கியைக் கழற்றினான். உள்ளே பட்டுச் சட்டை, பட்டு வேட்டி.

"எப்படா இதெல்லாம் கட்டுன?" என்றேன்.

"விடிகாலையிலேயே கட்டிட்டேன் கிராணி. புதுசா கத்தி புடிக்கிறவங்க எல்லாரும் வலது பக்கம் முடிச்சிட்டு எடது பக்கத்துலதான் மாட்டுவாங்க. அத்தான் வருவாருன்னு தெரியும்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்தான். பழம், பூ, வெற்றிலை, நடுவில் அரக்கு நிறச் சேலை. அதைப் பழனியப்பனிடம் நீட்டினான். அவர் சேலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தட்டிப் பார்க்கவில்லை.

"இதவிட நல்லது இல்ல" என்றார். "கெளம்பு, நேரமாச்சு."