மயில் விரட்டும் ரிலே

ஓட்டம் என்றால் எனக்கு ஒரு காலத்தில் வேப்பங்காயாகக் கசக்கும். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

பள்ளியில் ரிலே ஓட நான்கு பேரைப் பொறுக்கினார்கள். நானும் பெரியப்பா மகன்கள் இருவரும் ஒரே வீடு. நான்காமவன் இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். பயிற்சி என்பது இதுதான்: பி.டி. சார் நிழலில் நின்று விசில் ஊதுவார், நாங்கள் வெயிலில் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்போம். "தின்ன சோறெல்லாம் எங்கலே போச்சு?" என்று நடுநடுவே கேட்பார். எங்களுக்கும் அதே சந்தேகம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, இனி ஓடமாட்டேன், திங்கட்கிழமை சாரிடம் பேரை எடுக்கச் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் அறிவித்தேன். அண்ணன்கள் கெஞ்சினார்கள். மாற்று ஆள் கிடையாது. நான் விலகினால் போட்டிக்கே போக முடியாது.

அந்த வருஷம்தான் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்த சித்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி, ஓட வேண்டாம். நாளைக்குப் புஞ்சைக்கு மயில் வெரட்ட வாரியாலே?" என்றாள்.

அது பாசிப்பயறு காய்த்துக் கிடந்த மார்கழி. மயில்கள் கூட்டமாக இறங்கிக் கொத்தும். ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் போய் நிற்கும். சித்தி எங்களைப் புஞ்சையின் மூலைக்கு ஒருவராக நிறுத்தினாள். என் கையில் ஒரு காய்ந்த சோளத்தட்டையைக் கொடுத்தாள். கத்திக்கொண்டே ஓரமாக ஓடி, அடுத்த மூலையில் நிற்பவனிடம் அதைக் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் தட்டை ஒடிந்துவிடும். ஒடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஓட வேண்டும்.

"நாலாவது மூலைக்கு யாரு சித்தி?"

"நான் என்னலே, பொம்மையா?" சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

சின்ன அண்ணன் ஒடித்தான். பெரிய அண்ணன் அவனைத் திட்டிவிட்டுத் தானும் ஒடித்தான். "ஏலே, தட்டையப் பாக்காத! முன்னால பாத்து ஓடு, கைய மட்டும் பின்னால நீட்டு" என்று சித்தி கத்தினாள். அவள் ஓடும்போது கொலுசுச் சத்தம் மட்டும்தான் நம் பக்கத்தில் கேட்கும். ஆள் எங்கேயோ போயிருப்பாள். மைதானத்தில் ஓடியதைவிட அதிகம் ஓடியிருந்தோம், மைதானத்தில் வருகிற வயிற்றுவலி மட்டும் யாருக்கும் வரவில்லை. ஒடிந்த தட்டையெல்லாம் மாட்டுக்குப் போனது. திங்கட்கிழமை சாரிடம் சொல்ல மறந்தே போனேன்.

அதன்பின் சாயங்காலம்தோறும் புஞ்சைக்குப் போனோம். ஒருநாள் பெரியம்மா வந்து பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இப்படியா தாவிக்கிட்டு ஓடுவ? ரோட்டுல போறவிய என்ன நெனப்பாவ?"

"பயறு பூராவும் மயிலுக்குப் போகுதேக்கா! நடந்து போயி வெரட்டுனா அது நிக்குமா?"

பயறு பெரியம்மாவுக்கும் பயறுதானே. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

போட்டியில் இரண்டாவதாக வந்தோம். சோளத்தட்டையை மாற்றிப் பழகிய கைகளுக்கு ரிலே கட்டை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. முதலில் வந்தவர்கள் ஷூ போட்டிருந்தார்கள் என்று சொல்லி ஊர் வரை ஆறுதல்பட்டுக்கொண்டோம்.

பயறு பிடுங்கி முடிந்தது. புஞ்சை வெறும் கரிசலாகக் கிடந்தது. மயில்களும் வேறு புஞ்சைக்குப் போய்விட்டன. அன்று சாயங்காலமும் சித்தி, "அந்தா மயிலு! வாங்கலே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஒரு மயிலும் இல்லை. சித்தி மட்டும் சிரித்துக்கொண்டு, கொண்டை அவிழ, ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கவலையாகிவிட்டது. வண்டியில் தட்டை ஏற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, சித்திக்குக் கண்ணு சரியாத் தெரியல. கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க."

சித்தப்பா தூக்கிய தட்டைக்கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் புஞ்சைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவளுக்கு நல்லாத்தாம்லே தெரியுது. நீ போயி ஒன் மூலையில நில்லு" என்றார்.

பாவம், சித்தப்பாவுக்கும் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.