இடக்கையை நீட்டினேன்

1972-ஆம் வருஷம் மாசி மாதம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் மெஷின் என் வலக்கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. என் பெயர் தணிகாசலம், மண்ணூர்பேட்டைக்காரன். வலியைவிட, பெண்டாட்டி எனக்கு லுங்கி கட்டிவிடும் வெட்கம்தான் என்னைத் தின்றது. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். குங்குமத்தை இடக்கையில் வாங்குவதா என்று கூச்சம். வீட்டிலிருந்தபடியே அம்மனைத் திட்டினேன். அதுவும் ஒரு வேண்டுதல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் அண்ணன் வந்தார். அவருக்கும் பிரஸ்ஸில் வலக்கை போயிருந்தது. அவரும் அவரைப் போல இன்னும் மூன்று பேரும், யாருக்குக் கை போனாலும் வீடு தேடிப் போவார்கள். ஆறுதல் சொல்ல மாட்டார்கள், லுங்கி கட்டக் கற்றுத் தருவார்கள். வலது இடுப்பைச் சுவரில் அழுத்தித் துணியை நிறுத்தி, இடக்கையால் மடிப்பை இழுத்துச் செருக வேண்டும். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கற்றுத் தருபவர் எதிரே நின்று பார்க்கக் கூடாது, பார்வை குத்தும். முதுகைக் காட்டி முன்னால் நிற்பார். நாம் பின்னால் நின்று அப்படியே செய்ய வேண்டும். பத்து நாளில் நானே கட்டினேன். அவர்களோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன்.

1974 ஆடியில் வெள்ளானூர் மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். ரைஸ் மில் பெல்ட்டில் இடக்கை போனவர். நான் தனியாகப் போன முதல் வீடு அது. வலக்கை மிச்சமிருக்கே, இவருக்கு என்ன குறை என்று எனக்குள் கொஞ்சம் பொறாமைகூட. வழக்கப்படி சுவரோரம் முன்னால் நின்று, "நான் பண்றத அப்டியே பண்ணுங்க" என்றேன். செருகிய மடிப்பு நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தோம். கடைசியில் அவர் மனைவி பச்சையம்மா எதிரிலேயே லுங்கி அவிழ்ந்து விழுந்தது.

மாசிலாமணி கத்தவில்லை. "பொணத்துக்குத்தான் அடுத்தவங்க துணி கட்டி உடுவாங்க. நான் அப்டி ஆயிட்டேன். நீ போ அண்ணாத்தே" என்றார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பச்சையம்மா எங்கள் வீடு தேடி வந்தார். "மூணு நாளா கஞ்சிகூட தொடல. சாவப் போறேன்னு சொல்லிகினு கீறாரு" என்றார். உதவுகிறேன் என்று போய் நானே அந்த மனிதரைக் கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன்.

கை போய் இரண்டரை வருஷம் கழித்து, அன்றுதான் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, என் கையக் கேக்கல. அந்த மனுசன் சாப்டணும்" என்று அழுதேன். கும்பிட ஒரு கைதான். இடக்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினேன். எதிரே அம்மன், அஞ்சாதே என்று வலக்கையைத் தூக்கி நின்றாள். அந்தக் கை என் இடக்கைக்கு நேராக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஐந்து பேருக்கும் போனது வலக்கை. எங்களுக்குச் சரியான பக்கம் மாசிலாமணிக்குத் தப்பு. அவருடைய ஒரே கையைச் சுவருக்கும் இடுப்புக்கும் நடுவே நசுக்க வைத்திருக்கிறேன். பூசாரி குங்குமத்தோடு வந்தார். பழக்கத்தில் கையைப் பின்னால் இழுத்தேன். "கீற கைய நீட்டு நைனா" என்றார். இருக்கிற இடக்கையை நீட்டினேன்.

பச்சையம்மாவோடு அப்போதே பஸ் ஏறினேன். "தப்பு உங்க மேல இல்ல, என் மேல" என்று மாசிலாமணியிடம் சொன்னேன். அதே சுவரோரம் இந்த முறை எதிரெதிரே நின்றோம். எனக்கு வலது இடுப்பு சுவரில், அவருக்கு இடது இடுப்பு. என் இடக்கை போன வழியே அவர் வலக்கையும் போனது. மூன்றாவது தடவை மடிப்பு நின்றது. வீட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "சாப்ட இன்னா கீது?" என்று கேட்டார். அடுப்படியில் பச்சையம்மா அழும் சத்தம் கேட்டது.

இன்று மாசிலாமணி மில்லில் எடை போடுகிறார். ஞாயிறானால் எங்களோடு வருகிறார். இடக்கை போனவர் வீட்டுக்குள் அவர்தான் முதலில் நுழைவார். நான் கேட்ட ஒன்றுக்கு மேலேயே அம்மன் கொடுத்துவிட்டாள். வெள்ளிதோறும் போய் அவள் முன் நிற்கிறேன். உங்களிடமும் நீட்டக் கூசுகிற கை ஒன்று இருக்கும். அதை மறைக்காமல் அவள் எதிரே கொண்டுபோங்கள்.