விழும்போது என்ன செய்துகொண்டு நின்றார்?

சகோதரங்களே, போன தவக்காலத்தில் என் கணவர் மரியதாஸ் வள்ளத்திலிருந்து கடலுக்குள் விழுந்தார். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவருக்கு நீந்தத் தெரியாமலில்லை. ஆனால் விழும்போதே நினைவில்லை. கூடப் போன அவருடைய தம்பி யூட் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்ததால்தான் உயிர் தப்பினார். கொஞ்ச நேரத்தில் எழுந்திருந்து, "ஏன்ரா நான் நனைஞ்சிருக்கிறன்?" என்று கேட்டாராம்.

பிறகு ஒரு விடியற்காலையில் வீட்டின் பின்கோடியில் விழுந்து கிடந்தார். அடுத்தது மறுபடியும் வள்ளத்தில். அந்த முறை உள்பக்கமாக விழுந்து பல் உடைந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் செய்வினை என்றார், இன்னொருவர் வலிப்பு என்றார். வள்ளத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு அதை மந்திரித்தோம். அப்படியென்றால் கோடியில் விழுந்ததற்கு எதை மந்திரிப்பது? ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், தலையை ஸ்கான் பண்ணினார்கள். எல்லாம் நல்லதாம். நல்லதென்றால் மனுசன் ஏன் விழுகிறார்? இவரோ கடல் தொழிலுக்குப் போகத்தான் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அடுத்த முறை யூட்டின் கை எட்டாவிட்டால்?

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் போயிருந்து அழுதேன். கோபமும் வந்தது. "சுகமாக்கச் சொல்லிக் கேக்கேல்லை, ஆண்டவரே. இது என்னெண்டு மட்டும் சொல்லும்" என்றேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே கிளினிக். யூட்டும் கூட வந்தான். புதிதாக வந்த டொக்டர், ஒரு இளம் பெண்பிள்ளை, ரிப்போர்ட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டா: "ஐயா, விழேக்கை என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

இவர் முகட்டைப் பார்த்தார். "சும்மா நிண்டனான்."

யூட் நிலத்தைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயைத் திறந்து சொல்லுங்கோவனப்பா."

"ஒண்டுக்குப் போய்க்கொண்டு நிண்டனான்."

"மூண்டு முறையுமோ?" டொக்டர் கேட்டா.

"ஓம்."

வலையை விட்டபின் வள்ளத்தில் படுத்திருப்பார்கள். முட்டும்வரை அடக்கிவைத்து, சட்டென்று எழும்பி விளிம்பில் நின்று போவார்கள். எங்கள் கடலில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான். டொக்டர் சொன்னா: "தலையிலையிருந்து ஒரு நரம்பு நெஞ்சுக்கும் வயித்துக்கும் இறங்குது. வேகஸ் எண்டு பேர். மூச்சு, சமிபாடு, இதயத்துடிப்பு எல்லாத்திலையும் அதுக்கு வேலை இருக்கு. கனநேரம் அடக்கிப்போட்டு எழும்பி நிண்டு போகேக்கை, சிலருக்கு அது இதயத்தை அளவுக்கு மிஞ்சி மெதுவாக்கிப்போடும். பிரஷர் இறங்கும், ஆளும் விழுவார்."

குளிசை, மருந்து ஒன்றும் தரவில்லை. அடக்க வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும், படுத்தெழும்பினால் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்ப வேண்டும், நின்றுகொண்டு போகவே கூடாது. அவ்வளவுதான்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். இதுதானா நான் கேட்ட அற்புதம்? இதயத்தைப் படைத்தவர் அதை நிறுத்தப் பார்க்கிற நரம்பையும் ஏன் வைத்தார்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் என்னவென்று சொல்லும் என்று கேட்டேன், சொல்லிவிட்டார். அந்தக் கேள்வியை டொக்டரின் வாயில் வைத்தவர் அவர்தான் என்று நம்புகிறேன்.

பிறகு இவர் விழவேயில்லை. கோயிலில் முழந்தாளிடச் சொன்னால் முழங்கால் நோகிறது என்று கதவடியில் நிற்கிறவர், இப்போது நடுக்கடலில் வாளியோடு முழந்தாளிடுகிறார். யூட் சிரிக்கிறானாம். நான் கரையிலிருந்து ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் விளங்காத வருத்தம், வியாதி ஏதும் இருந்தால் அவரிடம் கேளுங்கள். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால், வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள்.