தரையில் ஓர் அகராதி

காலை ஏழரைக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அகராதிக்காரர் சொற்சீட்டுகளைக் கைத்தடி நுனியால் தரையில் தள்ளித் தள்ளி வைக்கிறார். சன்னலோரம் ‘தூவு’. அலமாரிப் பக்கம் ‘பரப்பு’. குளியலறைக்குப் போகும் வழியில், வேறு இடமே இல்லாததுபோல், ‘சிதறு’. இடுப்பெலும்பில் கம்பி வைத்த மனிதர்.

அகராதி அலுவலகத்தை மூடி ஒன்பது வருடமாகிறது. அவர் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. வலி பரவுகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, பரவுவதற்கும் படர்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கால் மணி நேரம் விளக்கினார். டாக்டர் பிறகு வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவுக்கும் இந்தப் பாடம் தினமும் உண்டு.

“சார், தரையெல்லாம் இறைஞ்சு கிடக்கு.”

“அக்கறையில்லாம போட்டாத்தான் இறைஞ்சு கிடக்கறது, சிஸ்டர். இது பரப்பி வெச்சது.”

“கால் வழுக்கினா ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

இன்னொரு தடவை விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அங்கே ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி. தரை பொதுச்சொத்து. அது தெரிந்தும் ஐயா ஒரு சீட்டைக்கூட நகர்த்தவில்லை. பொருள் வரிசை கெட்டுவிடுமாம்.

செவ்வாய்க்கிழமை ‘சிதறு’ தன் வேலையைக் காட்டியது. ஓடிவந்த நர்ஸம்மா அவரைச் சட்டென்று தூக்கிவிடவில்லை. காலை நீட்டச் சொல்லி, இடுப்பை அழுத்திப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, கட்டில்காலில் சாய்த்து உட்காரவைத்தாள். அந்த நேரம் பார்த்து மகளின் தினசரி போன்.

“விழுந்து கிழுந்து வெக்கலையே அப்பா?”

ஒரு சொல் பிசகினாலும் ஊரையே திருத்துகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உக்காந்திருக்கேன்மா.”

மகளுக்குத் தெரியாத அப்பாவா? போனை சிஸ்டரிடம் கொடுக்கச் சொன்னாள்.

நர்ஸம்மா போனை வாங்கினாள். தரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அகராதிக்காரர் உட்கார்ந்தபடியே கைத்தடியை நீட்டி, ‘தூவு’, ‘பரப்பு’, ‘சிதறு’ எல்லாவற்றையும் வரிசை பார்க்காமல் இழுத்து வாரி, ஒரே கட்டாகத் தட்டிச் சேர்த்து, அவள் பக்கம் நீட்டினார்.