எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலுக்குப் போன கதை

1946ஆம் வருஷம் சித்திரைக் கடைசியில் கம்பைநல்லூரிலிருந்து மெட்ராஸ் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், நாலு வயது சரசுவும், இரண்டு வயது சின்னராசுவும். உலகச் சண்டை முடிந்து ரயிலில் சனங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்க ஆரம்பித்திருந்த சமயம். வீட்டுக்காரரின் அக்கா ராஜம்மா திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டலாம், வாருங்கள் என்று கார்டு போட்டிருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. என் கல்யாணத்தில் முகூர்த்தப் புடவையின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "எந்தச் சந்தையில எடுத்தீங்க?" என்று என் அம்மாவைக் கேட்டவர் அவர். நான் மறக்கவில்லை. கிளம்பும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். எட்டு நாளில் ஒரு தடவைகூட அந்த வாயிலிருந்து 'பட்டிக்காடு' என்ற சொல் வர நான் இடம் கொடுக்கக் கூடாது.

விடிகாலை நாலு மணிக்கு மாட்டுவண்டி கட்டினோம். மொரப்பூர் ரயிலடி ஏழு மைல், இரண்டரை மணி நேரம். ஏழரைக்கு வரவேண்டிய வண்டி எட்டே காலுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு மூன்றரை ரூபாய், சரசுவுக்கு அரை டிக்கெட். புளிச்சோறும் வேகவைத்த நிலக்கடலையும் கட்டிப்போனது சோலையார்ப்பேட்டை வரைக்கும் தாங்கியது. குழந்தைகளோடு போகிறவர்கள் சன்னலோரம் உட்கார ஆசைப்படாதீர்கள். இஞ்சின் கரி கண்ணில் விழுந்து சின்னராசு அரக்கோணம் வரை அழுதான்.

மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கிருந்து திருவல்லிக்கேணி இரண்டு மைல்தான். ஜட்காக்காரன் மூட்டைகளைப் பார்த்தான்.

"இன்னாம்மா, ரெண்டு கொய்ந்தங்க, மூட்ட வேற. எட்டணா குடு."

"மூட்டையில என்னா இருக்குதுன்னு பாரு, அப்புறம் கேளு. கேவுரு மாவுய்யா."

"மாவுன்னா குதுர இய்க்க வாணாமா?"

ஆறணாவுக்கு வந்தான். நாலணாதான் கூலி என்று மறுநாள் தெரிந்தது. அவன் முகம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

ராஜம்மா நன்றாகத்தான் கவனித்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன். கேழ்வரகு மாவைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. களி கிண்டச் சொல்லி முதல் உருண்டையைத் தானே எடுத்துக்கொண்டார். இதில் ஏதாவது குத்தல் இருக்கும் என்று நான் காத்திருந்தேன். இரண்டாம் நாள் டிராமில் போனோம், ஆளுக்கு ஓரணா. மணி அடிக்கும்போதெல்லாம் சரசு கை தட்டினாள்.

மூன்றாம் நாள் காலை கடலுக்குக் குளிக்கப் போவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒகேனக்கல் போனால் முதலில் எண்ணெய், பிறகுதான் தண்ணீர். உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, ஊறவைத்து, அருவியில் நின்றால் உடம்பு லேசாகிவிடும். பிள்ளைகள் வறவறவென்று தெரியக் கூடாது என்ற நினைப்பு வேறு. கிணற்றடியில் இரண்டு பேரையும் நிறுத்தி ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்தேன். ராஜம்மா வந்து நின்று பார்த்தார்.

"எண்ணெயா? கடலுக்கா மாதம்மா?"

"தண்ணிக்குப் போனா எண்ண வெச்சிக்கிட்டுதானுங்க அண்ணி நம்மூர்ல போவோம். நீங்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

"மறக்கல. அது அருவி."

"தண்ணி தண்ணிதானுங்களே."

அவர் துண்டு எடுக்க உள்ளே போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து கடற்கரை அரை மைல். ஆறரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். அந்த நேரம்தான் நல்லது, எட்டு மணிக்கு மேல் மணல் காலைப் பொசுக்கும். மணலில் பத்தடி நடப்பதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் எள்ளுருண்டை மாதிரி ஆகிவிட்டார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் சிரித்தார்கள். பரிசல் தவிர வேறு படகு பார்க்காத என் வீட்டுக்காரர், சின்னராசுவைத் தோளில் வைத்துக்கொண்டு தூரத்தில் கட்டுமரம் பார்க்கப் போய்விட்டார். மணலைக் கழுவிவிடலாம் என்று நான் சரசுவின் கையைப் பிடித்து முழங்கால் அளவுத் தண்ணீருக்குள் இறங்கினேன். ராஜம்மா கரையில் நின்றார்.

முதல் அலைக்குச் சரசு சிரித்தாள். இரண்டாவது அலை என் இடுப்புக்கு வந்தது. கையை நான் விடவே இல்லை. மூடின விரல் மூடினபடியே இருந்தது, குழந்தை மட்டும் அதற்குள் இல்லை. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கவாட்டில் பார்த்தேன். ஆற்றில் ஆள் போனால் ஓட்டம் போகும் திசையில்தானே தேடுவோம். தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும் என்று பிறந்ததிலிருந்து பழகிய கண். அங்கே சரசு இல்லை. வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பி அவளை எனக்கு முன்னால் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் அந்தக் கடலைப் பார்த்த ராஜம்மாவுக்கு அது தெரியும். என்னைத் தாண்டி நேராக ஓடி, மார்பளவுத் தண்ணீரில் விழுந்து, அரைஞாண் கயிற்றில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். அந்த உடம்பில் பிடிக்க அது ஒன்றுதான் இருந்தது.

குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். சரசு தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். அந்த அழுகை வரும்வரை என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. வீட்டுக்காரர் மணலில் விழுந்து எழுந்து ஓடி வந்தார்.

"என்னாச்சிக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது வரும் அந்தச் சொல் என்று நினைத்தேன். வரட்டும் என்றுகூட இருந்தது.

"அல பெருசா வந்துருச்சிடா. மாதம்மா சட்டுனு புடிச்சி இழுத்துட்டா. புள்ளைக்கு ஒண்ணுமில்ல, நீ கூவாத."

என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் பாசிப்பயறு மாவு போட்டு, மூன்று தடவை தேய்த்து எண்ணெயை எடுத்தார். அடுத்த ஐந்து நாளும் நான் காத்திருந்தேன். தனியாக இருக்கும்போதாவது கேட்பார் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. மற்றவர்கள் சொன்னதற்காக வன்மம் வைத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டதற்காக வைத்தது அவர் ஒருவர் மேல்தான்.

ரயிலடிக்கு வழியனுப்ப வந்தார். "போயிட்டு வர்றோமுங்க அண்ணி" என்றேன். "பத்தரமா போங்க" என்றார். பிறகு அவர் ஊருக்கு வந்த ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் இலைக்கு நானே பரிமாறினேன். கேட்காமலே இரண்டாவது தரம் நெய் ஊற்றினேன். "போதும் மாதம்மா, நான் என்ன புதுப்பொண்ணா?" என்பார். நன்றி என்று நான் வாயைத் திறந்து சொன்னது கிடையாது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூன்றாவது படித்தவள் சொல்கிறாளே என்று தள்ளாதீர்கள். காலையில் எட்டு மணிக்குள் போய் வந்துவிடுங்கள். எண்ணெய் தேய்ப்பதாக இருந்தால் திரும்பி வந்த பிறகு வீட்டில் தேயுங்கள். தண்ணீரில் குழந்தையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள். கண் கடல் பக்கமே இருக்கட்டும். அந்த ஊரில் இருக்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால், யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் கேளுங்கள்.

சரசுவுக்கு எழுபது நெருங்குகிறது. அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. அவள் அப்பா சொல்லிச் சொல்லி, அம்மாதான் தன்னை அலையிலிருந்து இழுத்தாள் என்று பேரப்பிள்ளைகளுக்கும் கதை சொல்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். சரசு, இதை நீயும் படிப்பாய். நான் பிடித்திருந்தேன், நழுவவிட்டேன். இறங்கித் தூக்கியது உன் அத்தை.