பொம்மை ரவிக்கையில் மிச்சத்துணி

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் தையல்கார அம்மாள், சாண் உயரப் பொம்மைக்கு அந்தக்காலத்துப் பஃப் கை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். பொம்மை சேகரிக்கும் சென்னைப் பெண்மணி ஒருவரின் முதல் ஆர்டர், பிடித்தால்தான் அடுத்தது. பக்கத் தையலுக்குள் வழக்கம்போல் அரை விரல் துணியை மிச்சம் விட்டு மடித்தார். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் விதி பேசிய எனக்குப் பொறுக்கவில்லை.

"பொம்மை குண்டாகுமா அம்மா? உப்பலா தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

"தைக்கும்போது எல்லாரும் இப்டிதான் சார் சொல்றாங்க. அப்புறம் உடம்பு போட்டதும் பிரிக்கச் சொல்லி வந்துடறாங்க. நீங்க வரலியா?"

பிரிக்கக் கொண்டுவந்திருந்த என் சட்டையை மேஜைமேல் வைத்தேன்.

மறுவாரம் போனை நீட்டினார், சென்னைப் பெண்மணியின் செய்தி. 'உள்ளே மிச்சத்துணிகூட அப்படியே என் அம்மா ரவிக்கை மாதிரி! இன்னும் பத்து வேண்டும்.'

"இன்னா சார் சொல்றீங்க?" என்று சிரித்தார்.

அந்தப் பொம்மை எப்போது சதை போடும் என்று தையல்கார அம்மாள் எதிர்பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.