ரேடியோ வாயை மூடிய காலை

அந்தக் கட்டட வேலையில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். அணைக்கிற பட்டன் வைக்காமல் செய்துவிட்டார்கள் என்பது மட்டுமே அவர் மனைவியின் குறை.

முன்பு பஸ் கண்டக்டராக இருந்தார். பயணிகளிடம் பேசிக்கொண்டே விசில் ஊத மறந்து, இறங்க வேண்டியவர்களை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்ட புகார்கள் சேர்ந்து அந்த வேலை போயிற்று. எந்த வாய் வேலையைக் கெடுத்ததோ அதே வாய்தான் அடுத்த வேலையை வாங்கித் தந்தது. டவர் கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும் சுமை அவருக்குத் தெரியாது. கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்கிற சிக்னல்காரர்தான் அவருக்குக் கண். சுமை நகர்ந்துகொண்டிருக்கும்வரை சிக்னல்காரர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்: “இறக்கு, இறக்கு, இன்னும் கொஞ்சம், மெதுவா, மெதுவா…” பேச்சு நின்றால் கிரேன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வயர்லெஸ் கெட்டதா, ஆள் மயங்கி விழுந்தாரா என்றெல்லாம் மேலே இருப்பவர் யோசிக்கக் கூடாது. சத்தம் இல்லையென்றால் அசைவும் இல்லை. ரேடியோவின் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது.

இவ்வளவு பேசியவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பா இறந்த அதே வாரத்தில் வேலைக்கு வந்து, மேஸ்திரி புதிதாக வளர்த்த மீசையைப் பற்றி மத்தியானம்வரை பேசினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். துக்கம் விசாரிக்க நினைத்தவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. அவ்வளவு பேசியதே அதற்காகத்தானே.

கிரேன் ஓட்டுகிறவருக்கு ஆகாசம் என்று பெயர் வைத்தவரும் ரேடியோதான். கட்டிய மனைவியின் குரலைவிட ஒருவர் குரலை மற்றவர் அதிகம் கேட்டிருப்பார்கள். பேசியதெல்லாம் கம்பியும் கான்கிரீட்டும்.

கொஞ்ச நாளாக ஆகாசம் சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்குவதில்லை. டிபன் பாக்ஸை மேலேயே கொண்டுபோனார். மாலையில் அது பாதி நிறைந்தே இறங்கியது. “துரைக்குத் தரையில கால் படாதாம்,” என்றார் கம்பி கட்டுகிறவர். தலைக்கனம் என்று முடிவாகிவிட்டது. தலைக்கனம் எல்லோருக்கும் புரிந்த நோய், அதனால் மேலே விசாரிக்கத் தேவையில்லை.

பாதுகாப்பு அதிகாரி வயதில் சிறிய பெண். கழிப்பறைச் சுவரில் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார். அதில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதனுக்கு யாரோ மீசையும் கூலிங் கிளாஸும் வரைந்துவிட்டார்கள்.

ஒரு காலை, ஒரு கட்டுக் கம்பி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கீழே இருந்த எல்லா வாக்கிடாக்கிகளிலும் ஒரே குரல் வந்தது. வேலை சம்பந்தமான குரல் இல்லை.

“முடியல… தூக்கமே வரல. இன்னிக்கும் ஏறியாச்சு. எதுக்கு ஏறுறேன்… முடியலப்பா…”

மேலே கூண்டில், மடியில் வைத்திருந்த கருவியின் பட்டனை முழங்கை அழுத்திக்கொண்டிருந்தது. ஆகாசம் தனக்குத்தானே பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்வரை மற்றவர் பேசுவது அவருக்குக் கேட்காது. ஆக, கேட்கக் கூடாததை எல்லோரும் கேட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. கம்பி கட்டுகிறவர் கம்பியைப் பார்த்தார். சிமெண்ட் கலக்குகிறவர் சிமெண்டைப் பார்த்தார். மேலே ஒருவர் அழத் தொடங்கியிருந்தார்.

ரேடியோ கட்டடத்தின் மறைவிலிருந்து ஓடிவந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கூண்டுக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் ஆட்டினார். அழுகை சட்டென்று அறுந்தது. சற்றுப் பொறுத்து, உலர்ந்த குரலில், “சொல்லு,” என்றது கருவி.

ரேடியோ சொன்னார். இறக்கு, இறக்கு, மெதுவா. கம்பிக் கட்டு பூப்போல இறங்கியது. அதற்குள் மேஸ்திரி பக்கத்தில் வந்துவிட்டார்.

“யாரும் ஒண்ணும் கேக்கல. புரியுதா?”

“காது இருக்கே, மேஸ்திரி.”

“இருந்தா மூடிக்கோ. மேடத்துக்குத் தெரிஞ்சா அவன இறக்கிடுவாங்க. புள்ளகுட்டிக்காரன். அடுத்த லோட எடு.”

மேஸ்திரி சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்த இடத்து நாகரிகம் அதுதான். ஒருவன் அழுதால் மற்றவர்கள் செவிடாகிவிடுவது. ரேடியோவின் அப்பா விஷயத்திலும் அதைத்தான் செய்தார்கள். அவருக்கும் அது வசதியாகவே இருந்தது. ஆனால் தூங்காத கண், தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பு, கீழே ஆட்கள். பாவம் பார்த்தாலும் இறக்க வேண்டும், பயந்தாலும் இறக்க வேண்டும்.

ரேடியோ ஆகாசத்தை வேறு சேனலுக்கு மாற்றச் சொல்லி, “மாப்ளே, இறங்கி வா,” என்றார்.

“எதுக்கு?”

“டீ குடிக்க.”

“அடுத்த லோடு இருக்கு.”

“நீ பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு மாப்ளே.”

இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது. “இறங்குனா திரும்ப ஏற விடமாட்டாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? விட்டுடு. நீ பாட்டுக்குச் சிக்னல் குடு.”

“குடுக்கமாட்டேன். நீ இறங்குற வரைக்கும் என் வாய்லருந்து ஒரு வார்த்தை வராது. இங்கயேதான் நிப்பேன், உன்னப் பாத்துக்கிட்டு.”

அப்புறம் ரேடியோ வாயை மூடினார்.

கிரேன் நின்றது. கான்கிரீட் லாரி டிரம்மைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது. “யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு?” என்று மேஸ்திரி கத்தினார், கெஞ்சினார், அப்பாவிலிருந்து தொடங்கிப் பரம்பரையையே இழுத்தார். ரேடியோ கூண்டைப் பார்த்தபடி நின்றார். ஆயுளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. தாடை வலித்தது என்று பிற்பாடு சொன்னார். மேலே ஏணியில் ஒரு கால் தெரிந்தபோது லாரி டிரைவர்தான் முதலில் கத்தினார்.

இறங்கி வந்த ஆகாசத்தைத் தோளைப் பிடித்து அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போனார் ரேடியோ. “என்ன பிரச்சனைண்ணா?” என்றார் அந்தப் பெண். “அதான் தெரியல மேடம். கடன் இல்ல, சண்டை இல்ல. சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல,” என்றார் ஆகாசம், திருடிவிட்டு நிற்பவர்போல. “காரணம் இருந்தாதான் காய்ச்சல் வரணுமா?” என்றார் அதிகாரி. நல்ல பதில்தான். ஆனாலும் டாக்டர் சொல்லும்வரை கிரேன் கிடையாது, ஸ்டோரில்தான் வேலை.

ஸ்டோருக்குப் போன ஆகாசம் ரேடியோவிடம் பேசவில்லை. போல்ட் கேட்டால் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். கம்பி கட்டுகிறவர்கள் ரேடியோவைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். ஆனால் அவர் பார்க்காதபோது அவர்களே ஒவ்வொருவராக ஸ்டோருக்குப் போய்த் தேவையில்லாத நட்டுக் கேட்டு, சும்மா நின்றுவிட்டும் வந்தார்கள்.

மருந்தோடு சில மாதங்கள் போன பிறகு டாக்டர் சரி என்றார். அதிகாரி இருவரையும் நிற்கவைத்து ரேடியோவைக் கேட்டார்: “டாக்டர் கிரேனுக்குப் பக்கத்துல நிக்கப் போறதில்ல, நீங்கதான் நிக்கணும். நிப்பீங்களாண்ணா?”

மாட்டேன் என்றால் ஆகாசத்தின் கூண்டு போயிற்று. ஆகாசம் தரையைப் பார்த்தார்.

“நிக்கிறேன். தினம் ஏறுறதுக்கு முன்னாடி, தூங்குனியான்னு கேப்பேன். பொய் சொல்லக் கூடாது.”

“அப்ப நானும் கேப்பேன்,” என்றார் ஆகாசம். அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு.

“என்னை எதுக்கு? எனக்கென்ன?”

“அதான் கேப்பேன்.”

மறுநாள் காலை ஏணியடியில் ரேடியோ கேட்டார். “தூங்கினேன், நல்லா,” என்ற ஆகாசம் முதல் படியில் கால் வைக்காமல் நின்றார். “நீ?”

ரேடியோ மேஸ்திரியின் மீசையைப் பற்றி ஆரம்பித்தார். ஆகாசம் அசையவில்லை. கம்பி ஏற்றிய வண்டி ஹாரன் அடித்தது.

“விடியக்காலம் முழிப்பு வந்துடுது மாப்ளே,” என்றார் ரேடியோ, சின்னக் குரலில். “அப்பா ஞாபகம்.”

“எவ்வளவு நாளா?”

“அவரு போனதுலருந்து.”

ஆகாசம் கையுறையைக் கழற்றினார். “வண்டிக்காரன் அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும். முழுசாச் சொல்லு.”